மழையும் வெள்ளமும் ஏரியின் பிளாங்க்டனை எப்படி மாற்றுகின்றன, அதை எப்படி அளப்பது?

கேள்வி இதுதான்: ஊர் ஏரி ஒன்றில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் பிளாங்க்டன் (நீரில் மிதந்து வாழும் நுண்ணிய பாசிகளும் சிறு விலங்குகளும்) கூட்டம் எப்படி மாறுகிறது என்று எம்.எஸ்சி. திட்டப்பணிக்காகப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு மாதிரி, ஓராண்டு. இதை வைத்து "மிதமான இடையூறு இனப் பன்மையைக் கூட்டும்" என்ற கருதுகோளைச் சோதிக்க முடியுமா?

ஏரியில் சோதிக்கலாம். மாதம் ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு சோதிக்க முடியாது. காரணம் பிளாங்க்டனின் ஆயுள் கணக்கு. 28, 30 டிகிரி நீரில், வெளிச்சமும் சத்தும் அரைகுறையாகக் கிடைக்கும் இயல்பான நிலையில், தாவர பிளாங்க்டன் இரண்டு முதல் நான்கு நாளில் ஒருமுறை இரட்டிக்கும். ஒரு மாதம் என்றால் ஏறக்குறைய பத்துத் தலைமுறை. மூன்று நாள் அடைமழை ஏரியில் கிளப்பும் மாற்றம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தொடங்கி, உச்சம் தொட்டு, அடங்கிவிடும். மாத மாதிரி அதன் ஏதோ ஒரு நாளைப் பிடிக்கும்; எந்த நாள் என்பது உங்களுக்கே தெரியாது. இப்படி எடுத்த தரவில் "பருவமழையில் டயட்டம் (சிலிக்கா ஓடுள்ள பாசி) அதிகம், கோடையில் நீலப்பச்சைப் பாசி அதிகம்" என்று எழுதலாம். இடையூறைப் பற்றி எதுவும் எழுத முடியாது.

கருதுகோளின் வரலாற்றைப் பார்த்தால் கால அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும். 1961இல் சூழலியலாளர் ஹட்சின்சன் ஒரு புதிரை எழுப்பினார். ஒரே நீர், ஒரே சில சத்துகள், எல்லாம் கலந்து கிடக்கிறது. போட்டியில் ஓரிரு இனம் வென்று மற்றவை அழிய வேண்டாமா? ஒரு கரண்டி நீரில் பல பத்து இனங்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன? போட்டி முடிவுக்கு வருவதற்குள் சூழல் மாறிவிடுகிறது என்பது அவர் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. 1978இல் கானல் என்ற சூழலியலாளர் மழைக்காடுகளையும் பவளத் திட்டுகளையும் வைத்து மிதமான இடையூறு கருதுகோளை எழுதினார். இடையூறு அடிக்கடி வந்தால் விரைந்து வளர்பவை மட்டும் மிஞ்சும், அரிதாக வந்தால் போட்டியில் வல்லவை மட்டும் மிஞ்சும், நடுத்தரமாக வந்தால் இரண்டு வகையும் இருக்கும். காட்டில் ஒரு மரத்தின் தலைமுறை பல பத்தாண்டு. இதையே ஏரிக்குக் கொண்டுவந்தவர்கள் ரெனால்ட்ஸ், சோமர், பதிசாக் முதலிய பிளாங்க்டன் ஆய்வாளர்கள், முக்கியமாக 1980, 90களில். அவர்கள் இடையூறை நாள்காட்டியில் எண்ணாமல் தலைமுறையில் எண்ணினார்கள்.

அந்தக் கணக்கில், ஒரு இனம் மற்றவற்றைப் போட்டியில் ஒதுக்கித் தள்ள 12 முதல் 16 தலைமுறை, அதாவது ஏறக்குறைய 35 முதல் 60 நாள் தொந்தரவில்லாத காலம் வேண்டும் என்கிறார் ரெனால்ட்ஸ். ஒரு தலைமுறைக்கும் குறைவான இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும் கலக்கம் உயிரிகளைப் பொறுத்தவரை இடையூறே அல்ல. அது நிலையான சூழல், அதற்குப் பழகிய இனங்கள் வந்து குடியேறிவிடும். இரண்டு மூன்று தலைமுறை இடைவெளியில் தொடங்கி ஏழெட்டுக்குள் விட்டுவிட்டு வரும் இடையூறுதான் பன்மையைத் தாங்கிப் பிடிக்கிறது.

வடகிழக்குப் பருவமழை இந்த அளவுகோலில் அழகாக உட்காருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை ஒரே வீச்சில் பெய்வதில்லை. ஒரு தாழ்வு நிலை, சில நாள் வெயில், அடுத்த தாழ்வு நிலை என்று வருகிறது. எந்த இனத்துக்கும் 12 தலைமுறை அமைதி கிடைப்பதில்லை. பிப்ரவரி முதல் மே வரை அது கிடைக்கிறது, கிடைத்ததும் சத்து மிகுந்த ஏரிகளில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் படர்கிறது. கோடையில் ஒரு மாலை இடிமழை அடித்தால் என்ன ஆகிறது என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். பலர் அதைத் தவறவிடுகிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மழை, காற்று, வெள்ளம் என்ற நிகழ்வை இடையூறு என்று எழுதிவிடாதீர்கள். நீரில் என்ன மாறியது என்பதுதான் இடையூறு: கலங்கும் ஆழம் மாறியதா, வெளிச்சம் குறைந்ததா, உயிரிகள் அடித்துச் செல்லப்பட்டனவா, சத்து வந்ததா. சத்து தீர்ந்துபோவதும் விலங்கு பிளாங்க்டன் மேய்வதும் கூட்டத்தின் உள்விவகாரம், அவற்றை இடையூறுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எப்போதும் ஓடும் ஆற்றில் ஓட்டம் இடையூறு அல்ல, ஓட்டம் நிற்பதுதான் இடையூறு.

கலக்கம் தனியாக என்ன செய்யும் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் நியூவே மேர் ஏரி. அதிகபட்சம் 30 மீட்டர், சராசரி 18 மீட்டர் ஆழம், சத்து மிகுந்த நீர், கோடைதோறும் மைக்ரோசிஸ்டிஸ். 1993இல் அடியில் குழாய் வழியே காற்றைச் செலுத்தி, குமிழிகளால் நீரைச் செயற்கையாகக் கலக்கத் தொடங்கினார்கள். மைக்ரோசிஸ்டிஸ் சரிந்தது, பச்சைப் பாசிகளும் டயட்டங்களும் கசையிழை கொண்ட சிறு பாசிகளும் அந்த இடத்தைப் பிடித்தன. சத்து அப்படியே இருந்தது, மாறியது கலக்கம் மட்டும். மைக்ரோசிஸ்டிஸ் செல்லுக்குள் வாயுக் குமிழிகள் உண்டு. அமைதியான நீரில் அது மேலே மிதந்து வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும், கீழே உள்ளவற்றுக்கு நிழல் போடும். டயட்டத்துக்குச் சிலிக்கா ஓடு. நீர் அசையாவிட்டால் மூழ்கிப்போகும். கலக்கத்தின் வேகம் மிதக்கும் வேகத்தை மிஞ்சினால் மைக்ரோசிஸ்டிஸின் சலுகை போய்விடுகிறது, டயட்டம் பிழைக்கிறது. 2003 ஐரோப்பிய வெப்ப அலையை வைத்து அதே ஏரியில் செய்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது: சூடு மேல்நீரை நிலைப்படுத்திக் கலக்கத்தைக் குறைத்தது, தராசு மீண்டும் மைக்ரோசிஸ்டிஸ் பக்கம் சாய்ந்தது.

இதைப் படித்துவிட்டு மூன்று மீட்டர் ஆழ ஏரியில் காற்றூட்டி வைத்தால் பாசி போய்விடும் என்று நம்ப வேண்டாம். நியூவே மேரில் உயிரிகள் இருட்டான ஆழத்துக்கு இழுக்கப்பட்டன. ஆழமற்ற ஏரியில் எவ்வளவு கலக்கினாலும் அவை வெளிச்சத்துக்குள்தான் சுற்றும், கூடவே அடிச்சேற்றின் பாஸ்பரசும் மேலே வரும்.

நம்முடைய சூடான ஏரிகளில் அடர்த்திக் கணக்கும் வேறு. நீர் 10 டிகிரியிலிருந்து 11க்குப் போனால் அடர்த்தி லிட்டருக்கு ஏறக்குறைய 0.09 கிராம் குறையும். 29இலிருந்து 30க்குப் போனால் 0.30 கிராம். ஆகவே பகலில் ஒரே டிகிரி மேலே சூடேறினாலும் நீர் அடுக்காகப் பிரிகிறது, இரவில் குளிர்ந்ததும் கலந்துவிடுகிறது. குளிர் நாட்டில் ஆண்டுக்கு ஓரிரு முறை நடப்பது இங்கே நாள்தோறும் நடக்கிறது. பிரேசில் ஏரிகளில் இந்த அன்றாடக் கலக்கம், மூழ்கும் தன்மையுள்ள டெஸ்மிட் பாசிகளுக்குச் சாதகமாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன விதிப்படி இது இடையூறு ஆகாது. ஒரு வாரம் மேகமூட்டமும் காற்றுமாக இருந்து இந்தத் தாளம் கெட்டால், அதுதான் இடையூறு. காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அரை மீட்டருக்கு ஒருமுறை வெப்பநிலை எடுக்காமல் இது தெரியாது, 0.1 டிகிரி காட்டும் கருவி வேண்டும்.

வெள்ளத்துக்கு வருவோம். வெள்ளம் பிளாங்க்டனை அடித்துச் செல்லும் என்பது பாதி உண்மை. ஏரி நிரம்பி மறுகால் பாயும்வரை எதுவும் வெளியேறுவதில்லை. ஒரு மில்லிலிட்டரில் எண்ணிக்கை பாதியானாலும் ஏரி முழுவதிலும் உள்ள மொத்தம் அப்படியே இருக்கும். இதை இழப்பு என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. நீர்மட்ட அளவைக் குறித்து, கொள்ளளவால் பெருக்கி, மொத்தத்தையும் போடுங்கள்.

மறுகால் பாயத் தொடங்கியபின் கணக்கு மாறும். கொள்ளளவு 20 லட்சம் கன மீட்டர், நாளுக்கு 5 லட்சம் கன மீட்டர் வந்து போகிறது என்றால் வெளியேற்ற வீதம் நாளுக்கு 0.25. நாளுக்கு 0.8 வீதம் வளரும் சிறு பச்சைப் பாசிக்கு 0.55 மிச்சம், ஒன்றேகால் நாளில் இரட்டிக்கும், வெள்ளம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 0.25 வீதம் வளரும் மைக்ரோசிஸ்டிஸ் இருந்த இடத்திலேயே நிற்கும். 0.1 வீதத்தில் பெருகும் கோபிபாட் (சிறு ஓட்டுடலி) நாலரை நாளில் பாதியாகும். விலங்கு பிளாங்க்டனில் வெள்ளத்துக்குப் பின் வரிசை இதனால்தான் ஏறக்குறைய ஒரே மாதிரி அமைகிறது: முதலில் பிராக்கியோனஸ், கெரட்டெல்லா போன்ற ரோட்டிஃபர்கள் என்ற மிகச் சிறிய விலங்குகள், பிறகு மொய்னா போன்ற சிறு கிளாடோசெராக்கள் (நீர்த்தெள்ளுகள்), கடைசியில் கோபிபாடுகள். வண்டல் கலந்த நீர் இதற்குத் துணைபோகிறது. கிளாடோசெராக்களில் டாஃப்னியா வகைகள் கண்டதையும் வடிகட்டி விழுங்குபவை. களிமண் துகளும் சேர்ந்து உள்ளே போவதால் உணவு நீர்த்துப்போகிறது. ரோட்டிஃபர்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு. மேய்பவை குறைந்த அந்த ஒன்றிரண்டு வாரத்தில் சிறு பாசிகள் வெடித்துப் பெருகினால், அதைச் சத்தின் விளைவு என்று மட்டும் படிக்கக் கூடாது.

தாவர பிளாங்க்டன் இனங்களை மூன்று குணமாகப் பிரித்துப் பார்ப்பது உதவும். தாவரச் சூழலியலாளர் கிரைம் நிலத்தாவரங்களுக்குச் சொன்னதை ரெனால்ட்ஸ் பாசிகளுக்குப் பொருத்தினார். சத்தும் வெளிச்சமும் தாராளமாக இருக்கும்போது முந்திக்கொண்டு வளரும் குளோரெல்லா போன்ற சிறியவை ஒரு வகை. வெளிச்சக் குறைவையும் கலக்கத்தையும் தாங்கும் ஆலகோசைரா போன்ற நீண்ட டயட்டம் இழைகள் இன்னொரு வகை. மெதுவாக வளர்ந்து, சத்து அரிதானபோதும் நீந்தியோ மிதந்தோ தேடிக்கொள்ளும் மைக்ரோசிஸ்டிஸ், செராட்டியம் போன்ற பெரியவை மூன்றாவது. இடையூறுக்குப் பின் முதல் இரண்டில் எது மேலே வரும் என்பது, கலக்கம் அடங்கி வெளிச்சம் திரும்ப எத்தனை நாள் ஆகிறது என்பதைப் பொறுத்தது. நீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு மறையும் ஆழம் 80 செ.மீ.யிலிருந்து 20க்கு இறங்கினால், அதன் இரண்டரை மடங்கு என்ற தோராயக் கணக்கில், ஒளி எட்டும் ஆழம் 2 மீட்டரிலிருந்து அரை மீட்டராகிறது. மூன்று மீட்டர் ஏரி முழுக்கக் கலங்கிக்கொண்டிருந்தால், ஒரு செல் தன் பொழுதில் ஆறில் ஐந்து பங்கை இருட்டில் கழிக்கும். அந்த நாள்களில் சத்து எவ்வளவு வந்தாலும் பயனில்லை. வண்டல் படிந்தபின்தான் வளர்ச்சி.

நீடித்து அழுத்தும் இடையூறு வேறு சாதி. சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியில் கழிவுநீரை 1963 முதல் 1968க்குள் படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். பாஸ்பரஸ் சீக்கிரமே இறங்கியது. ஆனால் 1976இல் டாஃப்னியா பெருகிய பிறகே நீர் இன்னொரு படி தெளிந்தது. இழைப் பாசி குறைந்ததும், டாஃப்னியாவைத் தின்னும் நியோமைசிஸ் என்ற இறால் போன்ற சிற்றுயிரி குறைந்ததும் அதற்குக் காரணம் என்று அந்த ஏரியை ஆய்ந்த எட்மண்ட்சன் விளக்கினார். உங்கள் ஏரியில் அன்றாடம் கழிவுநீர் கலந்தால் அதுவும் இந்தச் சாதி. அந்தப் பின்னணியின்மேல்தான் மழை வந்து விழுகிறது. கழிவுநீர் வாயிலிருந்து தள்ளி மாதிரி இடத்தைத் தேர்வு செய்யுங்கள். கழிமுகத்தில் வேலை செய்வதாக இருந்தால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுக் கழிமுகத்தைப் போன்ற இடங்களில் பருவமழை உப்புத்தன்மையையே சரித்துவிடுகிறது. அங்கே முதல் இடையூறு அதுதான்.

கருதுகோள் எங்கும் நிரூபணமான விதி என்று முன்னுரையில் எழுதிவிடாதீர்கள். 2001இல் மேக்கி, கரி என்ற இரு ஆய்வாளர்கள் வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நடுவில் உச்சம் காட்டும் வளைகோடு சிறுபான்மைதான். 2013இல் ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர் இந்தக் கருதுகோளைக் கைவிடவே வேண்டும் என்று எழுதினார். இடையூறு போட்டியைத் தள்ளிப்போடுவதால் மட்டும் இனங்கள் சேர்ந்து வாழ்ந்துவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். பிளாங்க்டனில் அது மற்ற இடங்களைவிட நன்றாகவே நிற்கிறது என்பது என் கணிப்பு. தலைமுறை குறுகியது, விதை வங்கி கைவசம் இருக்கிறது என்பவையே காரணம். சேற்றில் கிளாடோசெராவின் உறக்க முட்டைகளும் நீலப்பச்சைப் பாசிகளின் ஓய்வுச் செல்களும் கிடக்கின்றன. தோற்ற இனம் ஏரியை விட்டே போய்விடுவதில்லை.

இனி வேலை. மழை தொடங்குமுன் இரண்டு வாரம், பிறகு குறைந்தது ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மாதிரி எடுங்கள். பெரிய மழை ஒன்று விழுந்தால் அதை நாள் 0 என்று வைத்து 1, 3, 5, 7, 10, 14, 21 ஆகிய நாள்களில் எடுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். விலங்கு பிளாங்க்டன் பகலில் கீழே இறங்கும், நேரம் மாறினால் எண்ணிக்கையும் மாறும். ஓராண்டு முழுக்க மாதம் ஒருமுறை போகும் உழைப்பைவிட இது சற்றுக் கூடுதல்தான், ஆனால் கேள்விக்கு விடை கிடைக்கும்.

தாவர பிளாங்க்டனுக்கு வலை போடாதீர்கள். 20 மைக்ரான் வலையில்கூட இடையூறுக்கு முதலில் பதில் சொல்லும் சிறு பாசிகள் நழுவிவிடும். குழாய் கொண்டு மேலிருந்து கீழ்வரை நீரை எடுத்து, வாளியில் கலந்து, ஒரு லிட்டர் முழு நீராக எடுங்கள். பதப்படுத்த அமில லூகால் கரைசல்: 20 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சம் நீரில் கரைத்து, அதில் 10 கிராம் அயோடினைப் போட்டு, கரைந்தபின் காய்ச்சி வடித்த நீர் 200 மி.லி. ஆகும்வரை சேர்த்து, கடைசியில் 20 மி.லி. செறிந்த அசிட்டிக் அமிலம். வரிசை மாறினால் அயோடின் அடியில் கட்டியாக நிற்கும். 100 மி.லி.க்கு அரை முதல் ஒரு மி.லி. போதும்; நிறம் வெளிர்ந்த தேநீர் போல இருக்க வேண்டும். பழுப்புப் புட்டியில் இருட்டில் வையுங்கள். நிறம் வெளுத்தால் மறுபடி சேர்க்காவிட்டால் மாதிரி அழுகும்.

லிட்டரை அப்படியே நிற்கவைத்து, மேல்நீரை உறிஞ்சி 20 மி.லி. ஆக்குவது வழக்கம். மைக்ரோசிஸ்டிஸ் உள்ள நீரில் இது பெரிய பொறி. லூகால் போட்டும் அது மேலேயே மிதக்கும், மேல்நீரோடு சேர்த்து ஏரியின் முதன்மை இனத்தையே கொட்டிவிடுவீர்கள். முதலில் நீரைத் தடித்த ஊசிக்குழலில் பகுதி பகுதியாக ஏற்றி, முனையை அடைத்து, அழுத்தி, வாயுக் குமிழிகளை உடையுங்கள், பிறகு படியும். செஜ்விக் ராஃப்டர் என்ற எண்ணும் கண்ணாடி அறையில் ஒரு மி.லி., 1000 கட்டம். நிரப்பி 15 நிமிடம் விட்டு எண்ணுங்கள். 30 கட்டத்தில் 240 செல் என்றால் அறையில் மி.லி.க்கு 8000, ஐம்பது மடங்கு செறிவாக்கியதால் ஏரியில் 160. முக்கிய இனத்துக்கு 400 எண்ணினால் பிழை ஏறக்குறைய 10 விழுக்காடு, 100 எண்ணினால் 20. இருபத்தைந்து எண்ணிவிட்டு "பாதியாகக் குறைந்தது" என்று எழுதக் கூடாது, அங்கே பிழையே 40.

விலங்கு பிளாங்க்டனுக்கு 50 லிட்டரை 50 முதல் 64 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள். நூறு மைக்ரானுக்கு மேல் போனால் ரோட்டிஃபர்கள் தப்பிவிடும். ரோட்டிஃபர்கள் சுருங்காமலிருக்க முதலில் சோடா நீர் கொஞ்சம் ஊற்றி மயக்குங்கள். பிறகு லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை கலந்த 4 விழுக்காடு ஃபார்மலின். சர்க்கரை இல்லாவிட்டால் டாஃப்னியா ஊதி முட்டைகளை உதிர்க்கும்.

பன்மைக் குறியீட்டைச் செல் எண்ணிக்கையில் மட்டும் போடாமல் உயிர்க்கன அளவிலும் (செல்களின் மொத்தப் பருமனிலும்) போடுங்கள். குளோரெல்லா ஆயிரம் ஒரு செராட்டியத்துக்கு ஈடாகாது. ஷானன் பன்மைக் குறியீட்டின் மதிப்பை அப்படியே எழுதாமல், இயல் மடக்கையிலிருந்து விடுவித்து இனங்களின் எண்ணாக்கினால் புரியும்: 0.7 என்றால் சமமாகப் பகிர்ந்த 2 இனம், 1.6 என்றால் 5, 2.3 என்றால் 10. சில கட்டுரைகள் 2 அடிமான மடக்கை எடுக்கின்றன. அவற்றின் எண் 1.44 மடங்கு பெரிதாக இருக்கும், நேரடியாக ஒப்பிட முடியாது. அடுத்தடுத்த மாதிரிகளுக்கிடையே இனக் கலவை எவ்வளவு மாறியது என்று காட்டும் பிரே-கர்ட்டிஸ் வேறுபாட்டையும் வரையுங்கள். இடையூறு எப்போது பலித்தது என்பதை அது ஷானனைவிடத் தெளிவாகக் காட்டும்.

புயல் முடிந்த மறுநாள் பன்மை குதித்திருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். அது பெரும்பாலும் போலி. கலக்கத்தில் அடிச்சேற்றிலும் கல்லிலும் ஒட்டியிருந்த நாவிகுலா, நிட்ஷியா போன்ற டயட்டங்கள் கிளம்பி வந்திருக்கும். வரத்துக் கால்வாயிலிருந்தும் வேற்று இனங்கள் வந்திருக்கும். இரண்டும் நீரில் வளர்ந்தவை அல்ல. அவற்றைத் தனியாகக் குறித்து, சேர்த்தும் நீக்கியும் இரண்டு முறை கணக்கிடுங்கள். வரத்துக் கால்வாயிலும் ஒரு மாதிரி எடுத்தால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியும். உண்மையான பதில் மூன்று முதல் ஐந்து நாள் பின்னால்தான் வரும். முதன்மை இனம் சரிந்ததால் மட்டும் குறியீடு ஏறியதா என்பதை இன எண்ணிக்கையையும் சமநிலையையும் (இனங்கள் எவ்வளவு சமமாகப் பகிர்ந்திருக்கின்றன என்பதையும்) பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வழிகாட்டி தொட்டிச் சோதனையும் கேட்டால், 500 லிட்டர் தொட்டியில் கலக்கிப் பார்ப்பதால் பயனில்லை. முக்கால் மீட்டர் ஆழ நீர் தானாகவே இரவில் கலந்துவிடும். நீரை மாற்றுவதே இடையூறாக இருக்கட்டும்: 2, 6, 12 நாளுக்கு ஒருமுறை 30 விழுக்காடு நீரை எடுத்து, வடிகட்டிய ஏரி நீர் ஊற்றுங்கள். ஒன்றுமே செய்யாத தொட்டியும் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள். அடிக்கடி மாற்றும் தொட்டிக்கு அதிகச் சத்து போய்ச் சேரும் என்பதை மறக்காமல், எல்லாத் தொட்டிகளுக்கும் மொத்தப் பாஸ்பரஸ், நைட்ரஜன் சமமாக வருமாறு ஈடுகட்டுங்கள். கொசுவலை போர்த்தாவிட்டால் ஒரு வாரத்தில் கொசுப்புழு மேய்ந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் சுவரில் பாசி பிடித்து நீரிலுள்ள சத்தை இழுக்கத் தொடங்கும். ஆறு வாரத்துக்கு மேல் நீட்டினால் நீங்கள் அளப்பது சுவரை. 12 நாள் இடைவெளிக்கு ஆறு வாரத்தில் மூன்றே இடையூறுதான் கிடைக்கும், அதற்கும் கீழே குறைத்தால் அந்தத் தொட்டிகளை இடையூறு பெற்றவை என்று சொல்ல முடியாது.